ஜானி டாட்ஸின் கிளாரினெட்: கேட்கத் தொடங்குபவர்கள் வழக்கமாகக் கேட்பவை

லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 1920களின் பதிவுகளைக் கேட்டவர்கள் எல்லாரும் ஜானி டாட்ஸையும் கேட்டிருக்கிறார்கள். பெயர் மட்டும் தெரிந்திருக்காது. அந்தத் தட்டுகளில் பாதி உரிமை டாட்ஸுடையது என்பது என் கட்சி. டிரம்பெட்டை விட்டுவிட்டுக் கிளாரினெட்டில் காதை வைத்துக் கேட்டால் அதே தட்டு வேறு தட்டாகிவிடும். அப்படிக் கேட்க ஆரம்பிப்பவர்களுக்கு வரும் சந்தேகங்களுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

டாட்ஸ் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1892 ஏப்ரல் 12இல் பிறந்தவர், நியூ ஆர்லியன்ஸில் வளர்ந்த கறுப்பினக் கலைஞர். அந்த ஊரில் கிளாரினெட்டுக்குப் பெயர்போன டியோ குடும்பத்தின் லொரென்ஸோ டியோ ஜூனியரிடம் பாடம் கேட்டார். 1910களில் டிராம்போன்காரர் கிட் ஓரியின் குழுவில் வாசித்தார். 1920களின் தொடக்கத்தில் கார்னெட் (டிரம்பெட்டின் குட்டித் தம்பி) வாசித்த கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்டில் சேர்ந்து சிகாகோவுக்கு வந்துவிட்டார். டிரம்ஸ் வாசித்த பேபி டாட்ஸ் இவருடைய தம்பி. பல தட்டுகளில் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே இருக்கிறார்கள். 1940 ஆகஸ்ட் 8இல் சிகாகோவில் மாரடைப்பால் இறந்தபோது வயது 48.

பதிவுகள் கிட்டத்தட்ட எல்லாமே 1923க்கும் 1929க்கும் இடையில் வந்தவை. பிறகு பொருளாதார மந்தம். ஸ்டுடியோ பக்கம் யாரும் கூப்பிடவில்லை. 1938இல் ஒரு நாள், 1940 ஜூனில் ஒரு நாள் பதிவு நடந்தது. அவ்வளவுதான்.

இதை டிக்ஸிலேண்ட் என்று சொல்லலாமா?

கடைகளிலும் செயலிகளிலும் அந்தப் பெயரில்தான் கிடைக்கும், அதனால் தேடுவதற்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 1917 பிப்ரவரி 26இல் முதல் ஜாஸ் தட்டைப் பதிவு செய்த வெள்ளையர் குழுவின் பெயரிலேயே ‘டிக்ஸிலேண்ட்’ இருந்தது. 1940களில் பழைய பாணிக்கு மறுபடி மவுசு வந்தபோது அந்தச் சொல் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. டிக்ஸி என்றால் அடிமை முறை இருந்த அமெரிக்கத் தெற்கு. அதனால் கறுப்பினக் கலைஞர்கள் பலருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

எந்தத் தட்டில் தொடங்குவது?

‘பெர்டிடோ ஸ்ட்ரீட் ப்ளூஸ்’. 1926 ஜூலை 13இல் கொலம்பியா கம்பெனிக்காகச் சிகாகோவில் பதிவானது. குழுவின் பெயர் நியூ ஆர்லியன்ஸ் வாண்டரர்ஸ். டாட்ஸ், கிட் ஓரி, பியானோவில் லில் ஹார்டின், பான்ஜோவில் ஜானி செயின்ட் சிர் என்று பார்த்தால் ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழு அப்படியே இருக்கிறது, ஆம்ஸ்ட்ராங்கைத் தவிர. அவர் அப்போது ஓகே கம்பெனியின் ஆள். அவர் இடத்தில் ஜார்ஜ் மிட்செல் என்ற அடக்கமான கார்னெட்காரர். கூடவே ஆல்டோ சாக்ஸஃபோனில் ஜோ கிளார்க்.

இதில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் எளிது. ஆம்ஸ்ட்ராங் இருந்தால் உங்கள் காது அவர் பின்னாலேயே போய்விடும். இங்கே அந்தப் பிரச்சினை இல்லை. தொடக்கத்திலேயே கிளாரினெட் முன்னால் வந்து நின்றுகொள்கிறது. கனத்த, கொஞ்சம் கரகரப்பான தொனி. ஒவ்வொரு நீண்ட ஸ்வரத்தின் வாலிலும் வேகமான நடுக்கம். பிடித்திருந்தால் அன்றே பதிவான ‘கேட்மவுத்’, ‘டூ டைட்’, ‘பாப்பா டிப்’ மூன்றையும் கேளுங்கள். (‘டிப்’ என்பது ஆம்ஸ்ட்ராங்கின் பட்டப்பெயர். ஆள் வரவில்லை, பெயர் மட்டும் வந்திருக்கிறது.)

ஒரே நேரத்தில் எல்லாரும் வாசிக்கிறார்கள். எதைக் கேட்பது என்றே தெரியவில்லை.

இந்த இசையில் எல்லாருக்கும் வரும் திணறல் இதுதான். டாட்ஸை ரசிக்க இதைத் தாண்டினால் போதும், மீதி தானாக வரும்.

முன்வரிசையில் மூன்று ஊதுகருவிகள். கார்னெட் மெட்டைச் சொல்லும். டிராம்போன் கீழே இருந்து முட்டுக்கொடுக்கும், இழுத்து இழுத்து ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கும். கிளாரினெட்டின் இடம் கார்னெட்டுக்கு மேலே. அது மெட்டை வாசிப்பதில்லை. மெட்டு மூச்சுவிடும் இடங்களில் நுழைந்து, மெட்டு ஓடும்போது அதைச் சுற்றி ஏறி இறங்கி, ஓயாமல் ஒரு கொடியைப் பின்னிக்கொண்டே போகும். மூவருக்கும் அவரவர் வேலை தெரியும் என்பதால் எழுதிவைத்த தாள் இல்லாமலே மோதாமல் போகிறார்கள்.

பழகுவதற்கு ‘பொட்டேட்டோ ஹெட் ப்ளூஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள். 1927 மே 10, ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் செவன் குழு. முதல் முறை சும்மா கேளுங்கள். இரண்டாவது முறை தொடக்கப் பகுதியில் கார்னெட் மெட்டை மட்டும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கேளுங்கள். மெட்டு உங்கள் வாயில் இருப்பதால் காது அதைத் தேடாது. மேலே ஓடும் கிளாரினெட் திடீரென்று துலங்கும். டாட்ஸ் எங்கே நீட்டுகிறார், எங்கே படபடவென்று இறங்குகிறார், கார்னெட் உச்சத்துக்கு ஏறும்போது எப்படி வழிவிட்டு விலகுகிறார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

அதே தட்டில் பிறகு அவருக்குத் தனி ஆவர்த்தனம் வருகிறது. ஸ்வரங்களைப் படிக்கட்டுபோல் அடுக்கி ஏறி இறங்கும் வாசிப்பு, நேர்த்தியாக இருக்கும். அது முடிந்து நாலு வீச்சு (வீச்சு என்றால் ‘பார்’, நாலு அடி கொண்ட அளவு) பான்ஜோ, உடனே ஆம்ஸ்ட்ராங். பின்னணி தாளம் முதல் அடியில் மட்டும் ஒலித்து நின்றுவிட, அந்த வெற்றிடத்தில் அவர் வாசிப்பதுதான் ஜாஸ் வரலாற்றில் எல்லாரும் எழுதும் இடம். பாவம் டாட்ஸ், அதற்கு முன்னால் வந்து மாட்டிக்கொண்டார்.

அப்படியானால் ஆம்ஸ்ட்ராங் பக்கத்தில் டாட்ஸ் சாதாரணம்தானா?

தனி ஆவர்த்தனத்தை மட்டும் தராசில் வைத்தால் ஆம்ஸ்ட்ராங்கின் பக்கத்தில் அன்று யாருமே சாதாரணம்தான். ஆம்ஸ்ட்ராங் சோலோவைத் தனிக் கதையாகச் சொல்லத் தெரிந்தவர். இசை போக வேண்டிய திசையே அதனால் மாறிவிட்டது. டாட்ஸ் அதற்கு முந்தைய தலைமுறையின் கூட்டு வாசிப்பில் ஊறியவர். அவர் வேலையை எல்லாரும் சேர்ந்து வாசிக்கும் பகுதிகளில் பார்க்க வேண்டும். தட்டின் கடைசி அரை நிமிடத்தில் எல்லாரும் மறுபடி கூடும்போது சத்தத்தை ஒரு படி தூக்கிக் கொடுப்பது பெரும்பாலும் கிளாரினெட்தான்.

ப்ளூஸ் என்று வந்துவிட்டால் கதை வேறு. மெதுவான ப்ளூஸில் டாட்ஸ் யாருக்கும் இளைத்தவர் இல்லை. ‘டிப்பர்மவுத் ப்ளூஸ்’ கேளுங்கள்: 1923 ஏப்ரலில் கிங் ஆலிவர் குழு வாசித்தது. மெதுவானது இல்லைதான், ஆனால் ப்ளூஸ் என்றால் அவருக்கு என்ன என்பது இரண்டே சுற்றில் விளங்கிவிடும். குழு விட்டு விட்டு அடிக்க, டாட்ஸ் 12 வீச்சு கொண்ட இரண்டு சுற்றுகள் வாசிக்கிறார். அதன் பிறகு ஆலிவரின் மூன்று சுற்றுகள் வரும், பல தலைமுறைகள் மனப்பாடம் செய்த பகுதி. நடுவில் ஒருவர் “ஓ, ப்ளே தட் திங்!” என்று கத்துவது கேட்கும். பேபி டாட்ஸ் தான் வாசிக்க வேண்டிய இடத்தை மறந்துவிட, அந்த ஓட்டையை அடைக்கக் குழுவில் இருந்த பில் ஜான்சன் கத்தினார் என்பது குழுவினர் பின்னாளில் சொன்ன கதை. பிழையைத் தட்டிலேயே விட்டுவிட்டார்கள்; நல்லவேளை.

ஒலி மிகவும் மோசமாக இருக்கிறதே. ரசிக்க முடியுமா?

முடியும். ஆனால் எந்த ஒலி ஏன் மோசமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் எரிச்சல் பாதி குறையும்.

ஆலிவர் குழுவின் 1923 பதிவுகளில் மைக்ரோஃபோனே கிடையாது. இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் ஊரில் ஸ்டார் பியானோ தொழிற்சாலை வளாகத்துக்குள் ஜென்னெட் கம்பெனியின் ஸ்டுடியோ இருந்தது. சுவரிலிருந்து ஒரு பெரிய கூம்புக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் போகும் சத்தத்தின் விசையே மறுபக்கத்தில் ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். குழலுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறீர்களோ அவ்வளவு சத்தமாகப் பதிவாவீர்கள். அப்போது ஆலிவர் குழுவில் இருந்த ஆம்ஸ்ட்ராங்கின் ஊதல் எல்லாரையும் அமுக்கியதால் அவரைத் தள்ளி நிறுத்திவிட்டார்கள் என்று லில் ஹார்டின் நினைவுகூர்ந்திருக்கிறார். பெரிய டிரம்மை அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்பதால் பேபி டாட்ஸ் மரக்கட்டைகளைத் தட்டிச் சமாளித்தார். பக்கத்திலேயே ரயில் பாதை வேறு. ரயில் வந்தால் பதிவை நிறுத்த வேண்டும்.

இந்தக் கூத்தில் ஓரளவு தப்பிப் பிழைத்த கருவி கிளாரினெட். அதன் ஒலி குழலில் நன்றாகப் பிடிபட்டது. ஆலிவர் தட்டுகளில் கார்னெட்டைவிட டாட்ஸ் முன்னால் நிற்பதுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். நேரில் கேட்டவர்களுக்கு அந்தக் குழு அப்படி ஒலித்திருக்காது. நமக்கு அது லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1926 கொலம்பியா தட்டுகளும் 1927 மே மாதத்து ஹாட் செவன் தட்டுகளும் மைக் வைத்துப் பதிவானவை. வித்தியாசம் உடனே தெரியும்: மேடையில் ஆழம் இருக்கும், டியூபாவும் டிரம்ஸும் கேட்கும், கிளாரினெட்டின் கீழ் ஸ்வரங்களில் மரத்தின் வாசனை வரும். அதனால் முதலில் 1926, 1927. காது பழகியதும் 1923. காலவரிசைப்படிதான் கேட்பேன் என்று அடம்பிடிப்பவர்கள் மூன்றாவது பாட்டோடு ஓடிவிடுகிறார்கள்.

இன்னொன்று. கரகரப்பைக் குறைக்கிறேன் என்று ட்ரெபிளைக் குறைக்காதீர்கள். கிளாரினெட்டின் உயிர் அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. இரைச்சலைச் சுத்தமாகத் துடைத்தெடுத்த மறுவெளியீடுகளில் டாட்ஸ் ஜலதோஷம் பிடித்தவர்போல் ஒலிப்பார். இரைச்சல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஐந்து நிமிடத்தில் காது அதை ஒதுக்கக் கற்றுக்கொள்ளும்.

சில ஸ்வரங்கள் அபஸ்வரமாகக் கேட்கின்றனவே?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, ப்ளூஸில் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்களை வேண்டுமென்றே தாழ்த்தி, இரண்டும்கெட்டான் இடத்தில் நிறுத்துவது. டாட்ஸ் உதட்டைத் தளர்த்தி ஸ்வரத்தைக் கீழே சாய்த்துப் பிறகு மேலே தள்ளுவார். அது பிழை இல்லை, சாப்பாட்டில் உப்பு மாதிரி. மற்றொன்று, பழைய தட்டுகள் எல்லாம் சரியாக நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. தப்பான வேகத்தில் மாற்றப்பட்ட பிரதிகளில் முழுப் பாட்டுமே சுருதி நகர்ந்திருக்கும். ஒரு பிரதியில் உறுத்தினால் வேறு பிரதி தேடுங்கள்.

மற்றபடி உண்மையிலேயே சுருதி கொஞ்சம் விலகும் இடங்களும் இருக்கின்றன. ஒரே நாளில் நாலைந்து பாட்டுப் பதிவு செய்த காலம். அதைப் பெரிதுபடுத்துவதில் அர்த்தமில்லை.

ஒரே பாட்டை அவர் எப்படி மாற்றி வாசிக்கிறார் என்று ஒப்பிட்டுக் கேட்க முடியுமா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன். ‘வைல்ட் மேன் ப்ளூஸ்’ இருக்கிறது. ஆம்ஸ்ட்ராங், பியானோக்காரர் ஜெல்லி ரோல் மார்ட்டன் இருவர் பெயரிலும் உள்ள மெட்டு. 1927இல் ஒன்றரை மாதத்துக்குள் மூன்று வெவ்வேறு கம்பெனிகள் இதைப் பதிவு செய்தன. மூன்றிலும் கிளாரினெட் டாட்ஸ்.

முதலாவது ஏப்ரல் 22, பிரன்ஸ்விக் கம்பெனி. குழு டாட்ஸின் பெயரில்: பிளாக் பாட்டம் ஸ்டாம்பர்ஸ். ஆம்ஸ்ட்ராங் இதில் வெறும் கூலிக்கு வந்த கார்னெட்காரர்! பியானோவில் ஏர்ல் ஹைன்ஸ், டெனர் சாக்ஸஃபோனில் பார்னி பிகார்ட். இரண்டாவது மே 7, ஓகே கம்பெனி, ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் செவன். மூன்றாவது ஜூன் 4, விக்டர் கம்பெனி, மார்ட்டனின் ரெட் ஹாட் பெப்பர்ஸ். கார்னெட்டில் நம் பழைய ஜார்ஜ் மிட்செல்.

மெதுவான பாட்டு. சில வீச்சுகளுக்கு ஒருமுறை பின்னணி முழுவதும் நின்றுவிடும், வாசிப்பவர் தனியாக அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். இதை பிரேக் என்பார்கள். ஒருவர் கையில் சரக்கு இருக்கிறதா என்று இங்கே தெரிந்துவிடும். மே மாதப் பதிவில் ஆம்ஸ்ட்ராங் தன் பங்கை முடித்துவிட்டுப் போன பிறகு டாட்ஸ் வருகிறார். அத்தனை பெரிய வாசிப்புக்குப் பின்னால் வருபவர் அதோடு போட்டிபோடவில்லை. அவர் பாட்டுக்குத் தன் வழியில், கனமாக, நடுக்கம் ஏற்றி ஏற்றி வாசிக்கிறார். முடிந்தால் மூன்று பதிவுகளிலும் அவருடைய பிரேக்குகளை மட்டும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். சில சொற்றொடர்கள் திரும்ப வருவதும் தெரியும், ஆளுக்கேற்ப அவர் குரலை ஏற்றி இறக்குவதும் தெரியும். மார்ட்டனின் குழுவில் எல்லாம் ஒழுங்குபடுத்தியது; அங்கே டாட்ஸும் கொஞ்சம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வருகிறார்.

கதை அதோடு முடியவில்லை. 1938 ஜனவரி 21இல் நியூயார்க்கில் டெக்கா கம்பெனிக்காக டாட்ஸ் இதை மறுபடி வாசித்தார். கூட இருந்தவர்களில் டிரம்பெட்காரர் சார்லி ஷேவர்ஸ், கித்தார் டெடி பன், பாஸ் ஜான் கர்பி எல்லாரும் அந்தக் காலத்து ஸ்விங் ஆட்கள். பியானோவில் மட்டும் பழைய தோழி லில். தாளம் வழவழப்பாக ஓடுகிறது, கிளாரினெட் 1927லேயே நிற்கிறது. சிலருக்கு இது பொருந்தவில்லை என்று தோன்றும். எனக்கு அந்தப் பொருந்தாமைதான் பிடிக்கும்.

ஆம்ஸ்ட்ராங் இல்லாத, கூட்டமில்லாத பதிவுகள் உண்டா?

உண்டு, அருமையானவை. 1927 ஜூன் 10இல் மார்ட்டனும் டாட்ஸ் சகோதரர்களும் மூவராக வாசித்த ‘வுல்வரின் ப்ளூஸ்’, ‘மிஸ்டர் ஜெல்லி லார்ட்’. முதலாவதில் மார்ட்டன் பியானோவைத் தனியாகவே வாசித்துக்கொண்டு போவார். கிளாரினெட் வராதோ என்று நீங்கள் நினைக்கும் நேரத்தில் டாட்ஸ் நுழைவார். 1928இல் பியானோவும் பாஸும் மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு வாசித்த ‘ப்ளூ கிளாரினெட் ஸ்டாம்ப்’ இன்னொன்று. கருவிகள் குறைவு என்பதால் மூச்சு எடுப்பது வரைக்கும் கிட்டத்தில் கேட்கும். துணி துவைக்கும் வாஷ்போர்டைத் தாளக் கருவியாக வைத்து வாசித்த தட்டுகளும் அதே ஆண்டில் உண்டு. ‘பக்டவுன் ஸ்டாம்ப்’ கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது கஷ்டம்.

‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ தட்டில் வாசிப்பது டாட்ஸ்தானே?

இல்லை. அது 1928 ஜூன். அதற்குள் ஆம்ஸ்ட்ராங் குழுவையே மாற்றிவிட்டார். கிளாரினெட் ஜிம்மி ஸ்ட்ராங். ஹாட் ஃபைவ் என்ற அதே பெயரில் வந்ததால் குழப்பம். டாட்ஸ் இருக்கும் கடைசி ஹாட் ஃபைவ் பதிவுகள் 1927 டிசம்பரில் முடிந்தன: ‘ஸ்ட்ரட்டிங் வித் சம் பார்பிக்யூ’, ‘ஹாட்டர் தேன் தட்’, ‘சவாய் ப்ளூஸ்’ போன்றவை.

இன்னொரு பொறி: ஆம்ஸ்ட்ராங் 1950களில் பழைய பாட்டுகள் பலவற்றை மறுபதிவு செய்தார். அவற்றில் கிளாரினெட் எட்மண்ட் ஹால். நல்ல கலைஞர்தான், ஆனால் நீங்கள் தேடிவந்தவர் அவர் இல்லை. செயலியில் பாட்டின் ஆண்டைப் பாருங்கள். ஒலி பளிச்சென்று இருந்தாலே சந்தேகப்படலாம்.

சில தட்டுகளில் கிளாரினெட்டே காணோம்?

1926இல் ஓரிரு ஹாட் ஃபைவ் தட்டுகளில் டாட்ஸ் ஆல்டோ சாக்ஸஃபோன் எடுத்தார். ‘கம் பேக் ஸ்வீட் பாப்பா’ ஒன்று. கேட்டுவிட்டு மறந்துவிடலாம்.

அவர் வாசிப்பு விண்வெளிக்குப் போயிருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1977இல் ஏவப்பட்ட இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் தங்க முலாம் பூசிய தட்டு ஒன்று இருக்கிறது. அதில் சேர்த்த பாடல்களில் ஒன்று 1927 மே 11இல் ஹாட் செவன் வாசித்த ‘மெலன்கலி ப்ளூஸ்’. எல்லாரும் ஆம்ஸ்ட்ராங் விண்வெளிக்குப் போனார் என்பார்கள். டாட்ஸும் கூடவே போனார், தம்பி பேபியும் போனார். அதே தட்டில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பாட்டும் இருக்கிறது. வாழ்த்துச் சொன்ன 55 மொழிகளில் தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் உண்டு, தமிழ் இல்லை. அது வேறு வயிற்றெரிச்சல்.

இந்த மெட்டையும் ஏப்ரல் 22இல் டாட்ஸின் சொந்தக் குழு ‘மெலன்கலி’ என்ற பெயரில் பதிவு செய்தது, 1938இலும் வாசித்தார். ‘வைல்ட் மேன்’ பயிற்சி பிடித்தவர்கள் இதையும் அடுக்கிக் கேட்கலாம்.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது பிடிபடுமா?

சில விஷயங்களில் உங்களுக்குச் சாதகம். ஒரு ஸ்வரத்தை எடுத்த இடத்திலிருந்து நகர்த்தி, அசைத்து, சாய்த்து வாசிப்பதைக் கேட்டுப் பழகிய காது டாட்ஸின் ப்ளூஸ் வளைவுகளை உடனே பிடித்துக்கொள்ளும். கிளாரினெட்டும் நமக்குப் புதிதில்லை. சதிர்க் கச்சேரிகளில் அது இருந்தது. 2008இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற ஏ.கே.சி. நடராஜன் அதில் கமகம் வாசித்துக் காட்டியிருக்கிறார். சாவிகள் நிறைந்த கருவியில் விரலாலும் உதட்டாலும் ஸ்வரத்தை வளைக்கிற பாடு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒரு மாலை இருவரையும் மாறி மாறிக் கேட்டுப் பாருங்கள்.

சிரமம் வேறு இடத்தில். நம் கச்சேரியில் வயலின் பாடகரைத் தொடர்ந்து வரும். இங்கே கிளாரினெட் யாரையும் தொடர்வதில்லை, கூடவே வேறொன்றைச் சொல்லிக்கொண்டு போகிறது. அடியில் ஹார்மனி மாறிக்கொண்டே இருக்கும்; டாட்ஸின் ஏற்ற இறக்கங்கள் அதை ஒட்டியே நடக்கின்றன. ஆதார ஸ்ருதியைத் தேடினால் கிடைக்காது, விட்டுவிடுங்கள்.

எந்த மறுவெளியீட்டை வாங்குவது?

ஹாட் ஃபைவ், ஹாட் செவன் பதிவுகளுக்கு ஜேஎஸ்பி நிறுவனம் 1999இல் வெளியிட்ட நாலு சிடி பெட்டி. பழைய தட்டுகளை மீட்டெடுப்பதில் கைதேர்ந்த ஜான் ஆர்.டி. டேவிஸின் வேலை. இரைச்சலை அளவோடு விட்டுவைத்து, இசையைத் தொடாமல் செய்திருக்கிறார். கிங் ஆலிவரின் 1923 பதிவுகளுக்கு ஆர்க்கியோஃபோன் நிறுவனம் 2006இல் வெளியிட்ட இரண்டு சிடி தொகுப்பு. அதைக் கேட்டுவிட்டு மற்ற ஆலிவர் பிரதிகளைக் கேட்டால் பக்கத்து வீட்டு ரேடியோபோல் இருக்கும்.

செயலிகளில் கேட்பவர்கள் ஒன்று கவனியுங்கள்: இவை எல்லாம் மோனோ பதிவுகள். ‘ஸ்டீரியோ’ என்று போட்டிருந்தால் யாரோ செயற்கையாகப் பிரித்திருக்கிறார்கள், கிளாரினெட் காதுக்குக் காது அலையும்.

என் காணொளியில் பயன்படுத்தலாமா?

ஒலிப்பதிவு வேறு, மெட்டின் உரிமை வேறு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஆகவே இந்தப் பழைய பதிவுகளுக்கு அது எப்போதோ தீர்ந்துவிட்டது. அமெரிக்காவில் 1923 பதிவுகள் 2024 ஜனவரி 1இலும், 1925 பதிவுகள் 2026 ஜனவரி 1இலும் பொதுவுடைமையாயின. 1926 முதலான பதிவுகள் ஜனவரிதோறும் ஓர் ஆண்டுக்கானவை என்று வரிசையாக வரும். மெட்டுக்கு இங்கே இயற்றியவரின் ஆயுளோடு 60 ஆண்டுகள். ஆம்ஸ்ட்ராங் 1971இல் இறந்ததால் அவர் பெயரில் உள்ள மெட்டுகள் 2031 வரை உரிமைக்கு உட்பட்டவை. எல்லாம் சரியாக இருந்தாலும் காணொளித் தளங்களின் தானியங்கி முறை யாரோ ஒருவர் பெயரில் உரிமை கோரிவிடலாம். அதற்குத் தயாராக இருங்கள்.

ஒரே மூச்சில் எவ்வளவு கேட்கலாம்?

பத்து அங்குலத் தட்டு, ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். வாங்கியவர்கள் ஒரு பக்கம் கேட்டு, எழுந்து போய்த் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். இருபத்தைந்து பாட்டை வரிசையாக ஓடவிட்டால் எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிடும். நாலு போதும், அதில் ஒன்றை இரண்டு தடவை.

நான் கிளாரினெட் வாசிப்பவன். இவரைப் பார்த்து வாசிக்கலாமா?

தாராளமாக. டாட்ஸ் வாசித்தது ஆல்பர்ட் அமைப்புக் கிளாரினெட். இன்று பெரும்பாலான கடைகளில் கிடைப்பது போயம் அமைப்பு. விரல் வைப்பு வேறு, தொனியும் அப்படியே வராது. ஆனால் கூட்டு வாசிப்பில் எங்கே நுழைவது, எங்கே வாயை மூடுவது என்பதை எந்தக் கருவியிலும் இவரிடம் கற்கலாம்.

டாட்ஸ் முடிந்தது. அடுத்து யார்?

முடியாது, இருந்தாலும் சொல்கிறேன். முதலில் அவருடைய கடைசிப் பதிவுகளைக் கேட்டுவிடுங்கள்: 1940 ஜூன் 5இல் வாசித்த ‘ரெட் ஆனியன் ப்ளூஸ்’, ‘கிரேவியர் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’. டிரம்ஸில் தம்பி, கித்தாரில் 1927 டிசம்பர் பதிவுகளில் கூட வாசித்த லானி ஜான்சன். இரண்டு மாதத்தில் டாட்ஸ் இறந்துவிட்டார்.

அதன் பிறகு ஜிம்மி நூன். இவரும் நியூ ஆர்லியன்ஸிலிருந்து சிகாகோவுக்கு வந்தவர்தான், ஆனால் தொனி பட்டு மாதிரி. 1928 ஏபெக்ஸ் கிளப் பதிவுகளை டாட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரே ஊரில் எப்படி இரண்டு உலகம் இருந்தது என்று புரியும். சிட்னி பெஷே வேண்டுமென்றால் 1940 மே மாதம் ஆம்ஸ்ட்ராங்கோடு அவர் வாசித்த ‘பெர்டிடோ ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ இருக்கிறது, டாட்ஸ் பதிவோடு ஒப்பிட வசதி. பிறகு ஜார்ஜ் லூயிஸ். துறைமுகத்தில் மூட்டை தூக்கி வாழ்ந்தவர், விபத்தில் அடிபட்டு வீட்டில் கிடந்தபோது 1944 ஜூலையில் அங்கேயே பதிவான ‘பர்கண்டி ஸ்ட்ரீட் ப்ளூஸ்’. அதில் துணைக்கு பான்ஜோவும் பாஸும் மட்டும்.